பழைய ஜிப்சியின் பெட்ரோல் டேங்க் மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி ஜிப்சி 1985 இறுதியில் விற்பனைக்கு வந்தது. 2018–19இல் உற்பத்தி நின்றது. இன்று மலைப்பாதைகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் ஓடும் ஜிப்சிகளில் பல, இருபது முப்பது ஆண்டு உழைத்தவை. இஞ்சினைப் பிரிக்கத் தயங்காதவர்கள்கூட டேங்க் என்றதும் தயங்குகிறார்கள், அல்லது அதைவிட மோசமாக, யோசிக்காமல் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜிப்சியில் டேங்க் சரியாக எங்கே இருக்கிறது? எவ்வளவு பிடிக்கும்?

பின் அச்சுக்குப் பின்னால், சாமான் வைக்கும் தளத்துக்கு அடியில், சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவே தொங்குகிறது. 40 லிட்டர் பிடிக்கும். அடியில் ஒரு காப்புத் தகடு இருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் அதை யாரோ எப்போதோ கழற்றிப் போட்டிருப்பார்கள்.

இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். பின் சக்கரங்கள் வாரியடிக்கும் சேறு நேராக இங்கேதான் வந்து ஒட்டுகிறது. பாறைப் படியிலிருந்து இறங்கும்போது வண்டியின் பின்பகுதி இடித்தால் அந்த அடியும் இந்தப் பக்கம்தான்.

இன்னொன்று: வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் வந்தது 970 சிசி இஞ்சின். 1996இல் 1298 சிசி இஞ்சின் வந்தது. 2000வாக்கில் அதற்கு எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை, வந்தது. கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோலை இழுக்கும் பம்ப் இஞ்சினோடு சேர்ந்தது. எம்பிஎஃப்ஐயில் மின்பம்ப் டேங்குக்கு உள்ளேயே இருக்கிறது. கீழே பல பதில்கள் இந்த வேறுபாட்டைப் பொறுத்தவை.

பெட்ரோல் வாசனை மட்டும் வருகிறது, ஒழுகல் எதுவும் தெரியவில்லை. டேங்க் போய்விட்டதா?

வாசனை வரும் நேரத்தைக் கவனியுங்கள். முழுவதும் நிரப்பிய அன்று மட்டும் வாசனை வந்து, அரை டேங்குக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிடுகிறது என்றால், கசிவு டேங்கின் மேற்பக்கத்தில் இருக்கிறது. டேங்க் யூனிட்டின் (பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் மிதவைக் கருவி) பேக்கிங், பெட்ரோல் ஊற்றும் கழுத்துக்கான தடித்த ரப்பர் ஹோஸ், மேல்தகட்டில் துரு என்று மூன்றையும் அந்த வரிசையில் பாருங்கள். இவற்றில் முதல் இரண்டும் டேங்கை மாற்றாமலே சரியாகிவிடும்.

அளவு குறைந்த பிறகும் வாசனை நீடித்து, காப்புத் தகட்டின் ஓரத்தில் ஈரக் கறையோ, பெட்ரோல் கழுவியதால் தூசி ஒட்டாத சுத்தமான தடமோ தெரிந்தால் ஓட்டை கீழ்ப்பக்கம். கூடவே ஃபில்டரைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பாருங்கள். பழுப்புத் தூள் கொட்டினால் டேங்க் உள்ளிருந்து அரிக்கிறது. பெட்ரோல் உள்ளே இருக்கும்போது ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்காதீர்கள். துருவேறிய தகடு அந்த ஒரு குத்திலேயே விட்டுக்கொடுத்துவிடும்.

நான் வண்டியை ஆற்றில் இறக்குவதே இல்லை. பிறகு எப்படி இவ்வளவு துரு?

தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டி காய்ந்துவிடும். சேறு காயாது. காப்புத் தகட்டுக்கும் டேங்குக்கும் நடுவே போய் அடைந்த மண், மேலே தடவிப் பார்த்தால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். தகட்டில் வடிகால் துளைகள் இருந்தாலும் முதல் மழையிலேயே மண் அவற்றை அடைத்துவிடும். நான் பார்த்த அரித்துப்போன டேங்குகளில் பெரும்பாலானவை இந்த மண் படுக்கை தொட்ட இடத்தில்தான் போயிருந்தன. தூத்துக்குடி, இராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது குற்றவாளி டேங்குக்கும் சேசிஸுக்கும் இடையே வைக்கும் மெத்தைத் துண்டு. சத்தம் வராமல் இருக்கட்டும் என்று பழைய தரைவிரிப்பு, ஸ்பாஞ்ச், சணல் சாக்கு என்று எதையாவது திணித்து வைத்திருப்பார்கள். இவை எல்லாம் தண்ணீரை உறிஞ்சி, தகட்டோடு ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்றாவது காரணம் உள்ளே இருக்கிறது: பாதி காலியாக மாதக்கணக்கில் நிற்கும் டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து வழிந்து அடியில் தேங்குகிறது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது. அது அடியிலேயே கிடந்து அரிக்கும்.

ஆகவே புது டேங்க் வாங்குவதற்கு முன் பழையது ஏன் போனது என்று கண்டுபிடியுங்கள். அந்தக் காரணத்தை விட்டுவைத்தால் புதியதும் அதே இடத்தில் போகும்.

மெக்கானிக் 'காலி டேங்க்தானே, ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் போதும்' என்கிறார். வைக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை; அதன் ஆவி காற்றோடு கலந்துதான் எரிகிறது. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை ஆவி இருந்தாலே வெடிக்கும் கலவை ஆகிவிடும். நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடமில்லை. காலி டேங்கில் காற்றும் இருக்கிறது, ஆவியும் இருக்கிறது. பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே நாற்பது டிகிரி குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடக்கூடியது. நம் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை.

'தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டோம்' என்பார்கள். தையல் மடிப்புக்குள்ளும் துரு அடுக்குகளுக்குள்ளும் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் கழுவினால் போகாது. தகடு சூடானதும் அது ஆவியாகி வெளியே வரும். டேங்கைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் நீராவியால் கழுவி, ஆவியை அளந்து பார்த்து, உள்ளே எரியாத வாயுவை நிரப்பிய பிறகே நெருப்பைக் கிட்டக் கொண்டுவருவார்கள். அந்த ஏற்பாடு இல்லாத பட்டறையில் உங்கள் டேங்கைக் கொடுப்பது, அங்கே வேலை செய்யும் பையனின் உயிரைப் பணயம் வைப்பது. அவர் சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்காதீர்கள். தவிர, ஓர் இடத்தில் ஓட்டை விழுந்த தகடு சுற்றிலும் மெலிந்துதான் இருக்கும். பொட்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அடுத்தது விழும்.

சரி, நெருப்பு வேண்டாம். எம்-சீல், டேங்க் சீலர் போன்றவை?

காட்டுக்குள் நிற்கும்போது ஊசித்துளை விழுந்தால் முதலில் உதவுவது சாதாரண பார் சோப்பு. சோப்பு பெட்ரோலில் கரையாது. ஒழுகும் இடத்தில் அழுத்தித் தேய்த்தால் சொட்டு நின்றுவிடும். அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, மேலே எம்-சீல் போன்ற எபாக்ஸியைப் பூசினால் வீடு வரை வரலாம். மேலே பெட்ரோல் ஈரம் இருக்கும்வரை எபாக்ஸி பிடிக்காது, அதனால்தான் சோப்பு முதலில்.

உள்ளே ஊற்றிச் சுழற்றும் சீலரை நிரந்தர வைத்தியமாக நான் பரிந்துரைப்பதில்லை. தகடு உறுதியாக இருந்து, உட்பரப்பில் லேசான துரு மட்டும் இருக்கும்போது அது பயன்படும். துரு முழுவதும் போகாத பரப்பில் பூசினால் சில காலம் கழித்துத் தோலாக உரிந்து, உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எத்தனாலைத் தாங்காத வகையாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

புதியது வாங்குவதா, பழைய வண்டியில் கழற்றியதா, இல்லை செய்து வாங்குவதா?

நல்ல தகட்டில் செய்த புது டேங்க், உங்கள் வண்டி வகைக்கானது கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. சென்னையில் ஜி.பி. ரோடு, டெல்லியில் காஷ்மீரி கேட் போன்ற உதிரிபாகச் சந்தைகளில் விசாரியுங்கள். பெட்டியில் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது என்பதைவிடக் கையில் எடுத்துப் பார்ப்பது முக்கியம்: மடிப்பு ஒரே சீராக ஓடுகிறதா, குழாய்களின் அடிப்பக்கம் ஒழுங்காகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, உள்ளே குலுக்கினால் எதுவும் சத்தமிடுகிறதா என்று பாருங்கள்.

கழற்றிய டேங்க் என்றால் சென்னைப் புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி. இராணுவம் கழித்துவிட்ட ஜிப்சிகள் ஏலத்தில் ஏராளமாக வெளிவந்திருப்பதால் அவற்றின் பாகங்களும் கிடைக்கின்றன. வெளிப்பூச்சை நம்பாதீர்கள், விற்பவர் அன்று காலையில்தான் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார். டேங்க் யூனிட் துளை வழியே சிறு எல்இடி விளக்கைவிட்டு அடியைப் பாருங்கள். சாம்பல் நிறமும் அங்கங்கே பழுப்புப் பூவும் என்றால் எடுக்கலாம். செதில் செதிலாக இருந்தால் விட்டுவிடுங்கள். மேல்பக்கத்துத் தட்டையான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போய் வந்தால் அந்தத் தகட்டில் உயிர் இல்லை.

செய்து வாங்குவது மூன்றாவது வழி. துருப்பிடிக்காத எஃகில், ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் செய்யும் நல்ல கைகள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் உண்டு. அவரிடம் மூன்றை எழுதிக் கொடுங்கள்: உள்ளே தடுப்புத் தகடு வேண்டும், பிரீதர் குழாய் (நிரப்பும்போது காற்று வெளியேறும் வழி) டேங்கின் மிக உயரமான புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும், உறிஞ்சு குழாய் அடியைத் தொடாமல் விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும். தடுப்புத் தகடு இல்லாவிட்டால் வளைவிலும் ஏற்றத்திலும் பெட்ரோல் மொத்தமாக ஒரு பக்கம் ஓடி, உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கும்.

அலுமினியத்தில் செய்தால் எடை குறையுமே?

குறையும். ஆனால் மலைப்பாதை அதிர்வில் அலுமினியம் பற்றவைத்த ஓரங்களில் விரிசல் விடும். இரும்புச் சட்டத்தை நேரடியாகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் தொடும் இடத்தில் அலுமினியம் கரையத் தொடங்கும். பந்தயத்துக்கு மட்டும் எடுக்கும் வண்டி, ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் சரி. மற்றவர்களுக்கு எஃகு போதும்.

என் வண்டி எம்பிஎஃப்ஐ. கார்புரேட்டர் வண்டியின் டேங்க் மலிவாகக் கிடைக்கிறது, மாட்டலாமா?

மாட்ட முயன்றவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் அதிகச் செலவு அவர்களுக்குத்தான் ஆனது. எம்பிஎஃப்ஐ டேங்கில் மின்பம்ப் இறங்குவதற்கான துளையும் இருக்கையும் தனி. அதை விட்டுவிட்டு வெளியே பம்ப் பொருத்தினால் சத்தம், ஒயரிங், உயர் அழுத்தக் குழாய் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். அந்தந்த வகைக்கு அந்தந்த டேங்கையே தேடுங்கள்.

டேங்கில் இருக்கும் பெட்ரோலை எப்படி வடிப்பது?

முதலில், ஓட்டிக் குறையுங்கள். 40 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 30 கிலோ எடை. அதோடு டேங்கை இறக்குவது சிரமம். ஐந்து லிட்டருக்கும் கீழே வந்ததும் வேலையைத் தொடங்குங்கள். பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். ஒரு மிடறு புரையேறி நுரையீரலுக்குள் போனாலே மருத்துவமனையில் படுக்க வேண்டிவரும். கையால் அழுத்தும் ரப்பர் பம்ப் எளிதாகக் கிடைக்கிறது. அடியில் வடிகால் போல்ட் இருந்தால் அதைத் திறக்கலாம். மூடியுள்ள உலோகக் கேனில், கேனைத் தரையில் வைத்துப் பிடியுங்கள்.

இடம் முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் மெக்கானிக் கடையின் குழிக்கு மேலே வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யக் கூடாது. மூடிய கார் கொட்டகையும் கூடாது. திறந்தவெளி, காற்றோட்டம், பக்கத்தில் அடுப்போ பீடியோ இல்லாத இடம். ஒயரில் தொங்கும் குண்டு பல்பு கீழே விழுந்து உடைந்தால் அதுவே தீப்பொறி; எல்இடி டார்ச் போதும். உலர்தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் குழாய்க்குள் அழுத்தம் நிற்கும். பாட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அப்படியும் முதல் இணைப்பை அவிழ்க்கும்போது துணியால் சுற்றிப் பிடியுங்கள்.

நானே வீட்டில் செய்யக்கூடிய வேலையா? எவ்வளவு நேரம் ஆகும்?

மேலே வடிப்பது பற்றிச் சொன்ன இடமும் பொருள்களும் இருந்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகள் மேல் வண்டியை நிறுத்தத் தெரிந்தால் செய்யலாம். கூட ஓர் ஆள் வேண்டும். போல்ட்டுகள் ஒத்துழைத்தால் அரை நாள். பழைய வண்டியில் ஒத்துழைக்காது. அதனால் இரண்டு நாள் முன்பே போல்ட்டுகளின் மண்ணைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விடுங்கள். துருப்பிடித்த போல்ட்டை கேஸ் வைத்துச் சூடாக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. டேங்க் மாட்டியிருக்கும்போது அது கூடவே கூடாது. வராவிட்டால் ரம்பத்தால் கையால் அறுத்து, புது போல்ட் போடுங்கள்.

கழற்றும் வரிசை: காப்புத் தகடு, ஊற்றும் கழுத்தின் ஹோஸ், பிரீதர் ஹோஸ், டேங்க் யூனிட் ஒயர், பெட்ரோல் போகும் குழாய், திரும்பிவரும் ரிட்டர்ன் குழாய். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் புகைப்படம் எடுத்து, நிற டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். போகும் குழாயும் ரிட்டர்னும் மாறிப்போவது இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. டேங்குக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு போல்ட்டுகளை எடுங்கள். கொஞ்சம் இறக்கி, மேற்பக்கம் ஏதாவது இன்னும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகு முழுவதும் இறக்குங்கள்.

டேங்க் கீழே இருக்கும் அந்த நேரம் அரிதானது. சேசிஸின் உட்பக்கத்தைக் கழுவிக் காயவைத்துத் துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள். தகட்டின் வடிகால் துளைகளைத் திறந்து கொஞ்சம் பெரிதாக்குங்கள். சாக்கும் ஸ்பாஞ்சும் இருந்த இடத்தில் தண்ணீர் உறிஞ்சாத கெட்டி ரப்பர் பட்டை வையுங்கள். புது டேங்கையும் முதலில் கழுவுங்கள், செய்து வாங்கியது என்றால் உள்ளே உலோகத் தூள் கட்டாயம் இருக்கும். ஏற்றும்போது மேற்பக்க ஹோஸ்களை முதலில் மாட்டிவிட்டுப் பிறகு உயர்த்துங்கள். முழுவதும் ஏறிவிட்டால் மேலே கை நுழையாது.

மாட்டிய பிறகு ஒழுகாது என்று எப்படி உறுதி செய்வது?

மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். துளைகளை அடைத்து, சைக்கிள் பம்பால் மிக லேசாகக் காற்றடித்து, மடிப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கம்ப்ரஸரை நேரடியாக வைக்கக் கூடாது, டேங்க் உப்பிவிடும். பெட்ரோல் ஒருமுறையும் படாத புது டேங்குக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. மாட்டிய பின் ஐந்து லிட்டர் ஊற்றிப் பாருங்கள், பிறகு பாதி, மறுநாள் முழுவதும். மேற்பக்கக் கசிவு முழு டேங்கில்தான் தெரியும் என்பதை வாசனை பற்றிய பதிலில் பார்த்தோம்.

கடைக்காரர் எல்லா ரப்பர் ஹோஸும் ஒன்றுதான் என்கிறார். அப்படியா?

இல்லை. தண்ணீருக்கும் காற்றுக்கும் செய்த ஹோஸ் பெட்ரோலில் ஊறி, உப்பி, உள்தோல் கழன்று குழாயை அடைக்கும். ஹோஸின் மேலேயே தரம் அச்சிட்டிருக்கும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற வகையைக் கேளுங்கள். எம்பிஎஃப்ஐயின் அழுத்தத்தையும் தாங்கும், எத்தனாலையும் தாங்கும். கார்புரேட்டர் வண்டிக்கு ஆர்7 போதும் என்று சொல்லப்படுவது பழைய பெட்ரோலுக்குச் சரி. இன்றைய பெட்ரோலுக்கு அதற்கும் ஆர்9 போடுவதையே விரும்புகிறேன். கிளிப் ஹோஸை வெட்டாத, ஓரம் மடித்த வகையாக இருக்கட்டும். அச்சு எதுவும் இல்லாத கறுப்பு ஹோஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததால்தான் டேங்க் போகிறது என்கிறார்களே?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் பரவிவிட்டது. ஜிப்சிக்கான பொருள்கள் அதை எண்ணித் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. ஆனாலும் பாதிக்கப்படுவது முதலில் ரப்பரும் பேக்கிங்குமே. டேங்க் தகட்டைப் பொறுத்தவரை, எத்தனால் ஈரத்தை இழுத்துத் தன்னோடு கலந்துகொள்கிறது. ஓரளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். தினமும் ஓடும் வண்டியில் இது நேராது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் நேரும்.

எத்தனால் பழைய படிவுகளை இளக்கவும் செய்யும். இத்தனை ஆண்டு சுவரில் ஒட்டிக்கிடந்த பிசின் கழன்று ஃபில்டருக்கு வருவதைப் பார்த்துவிட்டுப் பலர் டேங்க் புதிதாக அரிக்கிறது என்று நினைக்கிறார்கள். சில வாரம் நிறுத்திவைப்பதென்றால் டேங்கை ஏறத்தாழ நிரப்பி நிறுத்துங்கள். பல மாதம் என்றால் வடித்துவிடுங்கள்.

புது டேங்க் போட்டதும் மீட்டர் முள் அசையவே இல்லை. மீட்டர் போய்விட்டதா?

பெரும்பாலும் எர்த் இல்லை. புது டேங்க் முழுவதும் பெயின்ட், அதன் கீழே ரப்பர் பட்டை, மேலே ரப்பர் ஹோஸ்கள். சேசிஸோடு உலோகத் தொடர்பே இல்லாமல் போகிறது. டேங்க் யூனிட்டின் எர்த் ஒயரைச் சேசிஸில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்கினால் முள் எழும். அப்படியும் எழாவிட்டால் யூனிட்டைக் கழற்றி, மிதவையைக் கீழிருந்து மேலாக மெதுவாக நகர்த்தி மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து பாருங்கள். ஒரே சீராக மாற வேண்டும். நடுவில் தாவினால் யூனிட் தேய்ந்துவிட்டது. இதை டேங்க் ஏற்றுவதற்கு முன்பே பார்ப்பது நல்லது.

பங்கில் பெட்ரோல் போடும்போது எதிர்த்துத் தெறிக்கிறது. முன்பு இப்படி இல்லை.

உள்ளே போகும் பெட்ரோலுக்கு இடம்விட்டுக் காற்று வெளியேற வேண்டும். அது பிரீதர் ஹோஸ் வழியாக நடக்கிறது. டேங்கை ஏற்றும்போது அந்த ஹோஸ் மடங்கியிருக்கும், அல்லது நீளம் அதிகமாகி நடுவில் தொய்ந்து, தொய்வில் பெட்ரோல் தேங்கி அடைத்திருக்கும். ஹோஸ் டேங்கிலிருந்து கழுத்து வரை தொடர்ந்து மேல்நோக்கியே போக வேண்டும். செய்து வாங்கிய டேங்க் என்றால், செய்து வாங்குவது பற்றிய பதிலில் சொன்ன 'மிக உயரமான புள்ளி' விதியைச் செய்தவர் கடைப்பிடித்தாரா என்று பாருங்கள். அவர் அதை விட்டிருந்தால் ஹோஸை எப்படி வளைத்தாலும் சரியாகாது.

மேட்டுப்பாளையத்தில் நிரப்பிக்கொண்டு ஊட்டியில் போய் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்கிறது. கோளாறா?

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். வெளியே காற்றழுத்தம் குறைகிறது, உள்ளே ஆவி விரிகிறது. திறக்கும்போது காற்று வெளியே வருவது இயல்பு. மூடியை மெதுவாகத் திருகித் திறங்கள், அவ்வளவுதான்.

கீழே இறங்கி வந்தபின் திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டால் கவனியுங்கள். லேசாக என்றால் பரவாயில்லை. பலமாக இழுத்தால் காற்று உள்ளே போகும் வழி அடைந்திருக்கிறது. குளவி கூடு கட்டியிருப்பதையும் மண் இறுகியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். இதை விட்டுவைத்தால் பம்ப் இழுக்க இழுக்க டேங்க் உள்வாங்கிச் சப்பையாகும்.

நாற்பது லிட்டர் போதவில்லை. அறுபது லிட்டருக்குச் செய்து போடலாமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதே அளவு, அதே இடத்தில் டேங்கை மாற்றுவது பழுதுபார்ப்பு. வடிவமும் கொள்ளளவும் மாறினால் அது மாற்றம். தகுதிச் சான்று புதுப்பிக்கும்போதும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கையின்போதும் கேள்வி எழும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் எனக்கு உடன்பாடில்லை. கூடுதலாக 20 லிட்டர் என்பது பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் 15 கிலோ. அதோடு டேங்க் கீழே இறங்கிவிடும், பாறை முதலில் தொடுவது அதைத்தான்.

என்னிடம் இருப்பது மகிந்திரா டீசல் ஜீப். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

துரு, மண், மெத்தை, எர்த், பிரீதர் எல்லாம் அப்படியே பொருந்தும். பழைய சிறிய ஜீப்புகளில் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருப்பதால் இறக்குவதும் ஏற்றுவதும் வேறு விதம். டீசல் பெட்ரோலைப் போலச் சட்டென்று பற்றாது என்றாலும் வெல்டிங் விஷயத்தில் துளியும் சலுகை இல்லை. சூடான தகட்டில் டீசலும் ஆவியாகும்.

ஒரு வேலை கூடுதல். டேங்க் மாற்றியபின் குழாயில் காற்று புகுந்திருக்கும். கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் பாட்டரிதான் தீரும். நீண்டநாள் நின்ற டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்த இடத்தில் கறுப்பு வழுவழுப்பு வளர்ந்திருக்கும். அது நுண்ணுயிர்களால் வருவது. பழைய டீசலைப் புது டேங்கில் திரும்ப ஊற்றாதீர்கள்.

கழற்றிய பழைய டேங்கை என்ன செய்வது?

பழைய இரும்புக் கடையில் அப்படியே போடாதீர்கள். அங்கே கேஸ் வைத்துத்தான் வெட்டுவார்கள், வெல்டிங் கேள்வியில் சொன்ன ஆபத்து முழுவதும் அங்கே காத்திருக்கிறது. மிச்சம் மீதியை வடித்து, எல்லாத் துளைகளையும் திறந்து சில நாள் வெயிலிலும் காற்றிலும் கவிழ்த்து வையுங்கள். கொடுக்கும்போது இது பெட்ரோல் டேங்க் என்று வாய்விட்டுச் சொல்லி, தண்ணீர் நிரப்பிய பிறகே வெட்டும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வடித்த அழுக்குப் பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஆவி பள்ளத்தில் தேங்கும் என்பது அங்கேயும் பொருந்தும்.

டேங்க், ஹோஸ், ஃபில்டர் எல்லாம் புதிது. ஆனால் இருபது கிலோமீட்டர் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. எங்கே பார்ப்பது?

நின்ற உடனே, வேறு எதையும் தொடாமல், மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள். பலமாகக் காற்று இழுத்து, உடனே இஞ்சின் பிடித்துக்கொண்டால் ஊட்டிக் கேள்வியில் சொன்ன அடைப்புதான். புது மூடி வாங்கியிருந்தால் அதையே முதலில் சந்தேகியுங்கள். காற்றுத் துளை இல்லாத மூடியைத் துளை வேண்டிய டேங்குக்கு விற்றுவிடுகிறார்கள்.

காற்று இழுக்கவில்லை என்றால், கார்புரேட்டர் வண்டியில் அடுத்துப் பார்க்க வேண்டியது டேங்குக்கும் பம்புக்கும் இடையிலுள்ள இணைப்புகள். பம்ப் முன்பக்கம் இருந்து இழுப்பதால், கிளிப் தளர்ந்த இடத்தில் பெட்ரோல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். வெளியே ஈரமே தெரியாததால் யாரும் அங்கே பார்ப்பதில்லை. சிறிது நீளத்துக்கு ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாக மாட்டி, வண்டியை நிறுத்திய நிலையில் இஞ்சினை ஓடவிட்டால் குமிழிகள் தெரியும். தெரிந்தால் பின்னாலிருந்து ஒவ்வோர் இணைப்பாக வாருங்கள். சேசிஸ் மேல் ஓடும் இரும்புக் குழாயையும் விடாதீர்கள். டேங்கின் வயதுதான் அதற்கும். அதைப் பிடித்திருக்கும் கொக்கிகளுக்கு அடியில் ஊசித்துளை இருக்கும். குழாயில் குமிழியே இல்லாவிட்டால் டேங்கை மீண்டும் இறக்கி, உறிஞ்சு குழாயின் நுனியைப் பாருங்கள். அடியைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, அதன் வலையில் கழுவாமல் விட்ட தூள் ஒட்டியிருந்தாலோ பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். மெதுவாக ஓட்டும்வரை அது போதும், ஏற்றத்தில் மிதித்தால் போதாது.